வரிசையில் முன்னால் நின்றவர்கள்

(சுகாதாரப் பணியாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கிளிநொச்சி அவையொன்றில், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகம் டெட்ரோஸ் ஒரு கணக்கை உலகத்தின் முன் வைத்தார். வருமானத்தில் உயர்ந்த 49 நாடுகளில் அதற்குள் 3 கோடியே 90 இலட்சம் கொவிட் தடுப்பூசிகள் போடப்பட்டிருந்தன; மிக வறிய நாடுகளுள் ஒன்றில் மட்டுமே ஊசி தொடங்கியிருந்தது, அங்கே போடப்பட்டவை 25. இருபத்தைந்து இலட்சமா, இருபத்தைந்தாயிரமா என்று எவரும் மயங்கக் கூடாதென்று, வெறும் இருபத்தைந்துதான் என அவர் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு வளர்ந்த நாடுகளின் மனச்சாட்சியை நொந்துகொண்டவர்கள் பலர். மனச்சாட்சியை விட ஒப்பந்தத் தாள்களைப் பார்ப்பதே பயன் தரும் என்பது என் எண்ணம். தடுப்பூசிகள் பரிசோதனைக் கட்டத்தில் இருந்த 2020ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் முற்பணம் கட்டி, வரப்போகும் மருந்தைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டன. கனடா தன் மக்கள்தொகையின் பல மடங்குக்குப் போதுமான அளவை ஒதுக்கி வைத்தது. டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஒரு மூதாட்டிக்கு முதல் ஊசி ஏற்றப்பட்ட வேளையில், அடுத்த பல மாத உற்பத்தியில் பெரும்பங்கு ஏற்கனவே விலைபோயிருந்தது. எல்லா நாடுகளுக்கும் சேர்த்துக் கொள்வனவு செய்யவென உருவாக்கப்பட்ட கொவக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசிகளை வழங்க எண்ணியது. நூறு கோடியாவது ஊசியைக் கொடுத்து முடித்தது 2022 ஜனவரியில்தான். காசு கைக்கு வரப் பிந்தியதால் அது வரிசையில் பின்னால் போய் நின்றது; போதாததற்குப் புனே நகரின் சீரம் நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்தது. இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து, மார்ச் மாத இறுதியில் ஏற்றுமதி தடைப்பட்டதும், ஆபிரிக்காவும் ஆசியாவும் ஒருசேர வெறுங்கையோடு நின்றன.

அந்தத் தடையின் அடி இங்கேயும் விழுந்தது. இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் 2021 ஜனவரி 28 அன்று கொழும்பை வந்தடைந்தன. மறுநாளே ஊசி போடுவது தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்களுக்கும் படையினருக்கும் அடுத்தபடியாக மேல் மாகாணத்து மக்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. நோய் அங்கேதான் கூடுதலாக இருந்தது என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் உலக வரிசையில் இலங்கை பின்னால் நின்றபோது, இலங்கையின் வரிசையில் வன்னி அதற்கும் பின்னால் நின்றது. முதல் ஊசி பெற்ற ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் சுகாதாரப் பகுதியினரே. வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர் நான்காக மடித்த ஊசி அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்து, “ஐயா, ரெண்டாவது எப்ப வரும்? இனி வந்தாலும் வேலை செய்யுமோ, இல்லாட்டி முதலில இருந்து போட வேணுமோ?” என்று கேட்டார். ஊசி ஏற்றும் அறையைத் தினமும் கூட்டித் துடைப்பவர் அவர். ஜப்பான் கொவக்ஸ் ஊடாக அனுப்பிய அஸ்ட்ராசெனெகா ஊசிகளின் முதல் தொகுதி வந்துசேர்ந்தது ஜூலை 31 அன்று.

விலையும் இதே கதைதான். சீனாவின் சினோபார்ம் ஊசியை 10 டொலருக்கு வாங்குவதாக வங்காளதேச அதிகாரி ஒருவர் வெளியே சொல்லிவிட, அதே ஊசிக்கு இலங்கை 15 டொலர் கொடுக்கும் செய்தி இங்கே பெரும் விவாதமானது. தென்னாபிரிக்கா ஓர் அஸ்ட்ராசெனெகா ஊசிக்கு 5.25 டொலர் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது அதில் பாதிக்கும் குறைவு. விலை இரகசியமாக இருக்கும்வரை ஏழைதான் கூடுதலாகக் கட்டுவான். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்துகளைக் கம்பனி சூட்டிய பெயரிலன்றி அவற்றின் பொதுப்பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கச் செய்து, இந்தச் சிறிய தீவு பெரிய கம்பனிகளோடு பேரம் பேசலாம் எனக் காட்டியவர். அரை நூற்றாண்டின் பின்னர் அதே தீவு, அயல் நாடு என்ன விலை கொடுத்ததென்று பத்திரிகையில் பார்த்து அறிந்தது.

காப்புரிமையை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் அதைத்தான் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்த முடிவு கேட்டதில் ஒரு துண்டு. கோரிக்கை நியாயமானது. ஆனால் தன் கொவிட் காப்புரிமைகளைப் பெருந்தொற்றுக் காலத்தில் வலியுறுத்தப் போவதில்லை என்று மொடேர்னா 2020 ஒக்டோபரிலேயே அறிவித்தும், மறுநாள் எவராலும் அந்த ஊசியைச் செய்ய முடியவில்லை, ஏனெனில் செய்முறை நுட்பம் காப்புரிமைத் தாளில் முழுமையாக எழுதப்படுவதில்லை. கேப் டவுனில் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த ஆய்வுகூடம், வெளியான தகவல்களை வைத்து, கம்பனியின் கைகொடுப்பு இல்லாமலே அதைப் படித்தெடுக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை உள்ளூரில் இருந்தாலும் போதாது: தென்னாபிரிக்காவில் நிரப்பி அடைக்கப்பட்ட ஜோன்சன் அன்ட் ஜோன்சன் ஊசிகள், அந்த மக்கள் காத்திருக்கையிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.

கடைசியாக வந்த நன்கொடைகளோ காலாவதித் திகதியை நெருங்கியபடி வந்தன. மலாவி 2021 மே மாதத்தில் ஏறத்தாழ 20,000 ஊசிகளை எரித்தது. அங்குள்ளவர்கள் ஊசிக்குப் பயந்தார்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோனவர்கள், வந்த நாளிலேயே ஆயுள் சில வாரமாகக் குறைந்திருந்த மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தனை பாடு என்பதை அறியாதவர்கள்.

அந்தப் பாடு எனக்குத் தெரியும். போரினால் இங்கே பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியின் திரியைச் சரிபார்த்து, சுடர் மஞ்சளானால் புகைக்கரி பிடிக்குமென்று நீலமாக வைத்து, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தோம். மருந்து இரண்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட பாகையில் நின்றாக வேண்டும், அதைக் குளிர்விக்கும் மண்ணெண்ணெயே தடைப்பட்டியலில் இருந்தது. பொருள் வவுனியாவில் இருக்கும். ஓமந்தைக்கு இப்பால் வராது. அப்படிப்பட்ட காலத்திலும், 1995 தொடக்கம் தேசிய தடுப்பூசி நாட்களுக்காக யுனிசெப்பின் முயற்சியால் அரசும் விடுதலைப் புலிகளுமாகிய இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைக்க இணங்கின. போலியோ சொட்டு மருந்துக் குளிர்ப்பெட்டிகள் முன்னரங்கைக் கடந்து வந்தன. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். போரிட்டவர்களே இணங்கிய ஒன்றுக்கு, ஒரு மேசையைச் சுற்றியிருந்த அரசுகளும் கம்பனிகளும் இணங்கவில்லை என்பதை என்னால் இலகுவில் விழுங்க முடியவில்லை.

இணங்குவதற்கான முயற்சி இப்போது நடக்கிறது. 2007இல் இந்தோனேசியா, தன் நாட்டுப் பறவைக்காய்ச்சல் கிருமியைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து பிறர் செய்த தடுப்பூசியை விலைக்கு வாங்க வேண்டுமா என்று கேட்டு மாதிரிகளைத் தர மறுத்தது. அந்தப் பிடிவாதத்தின் பலனாகவே இன்புளுவென்சாவுக்கு 2011இல் ஒரு பங்கீட்டு ஏற்பாடு வந்தது. அதே தருக்கத்தில், 2025 மே 20 அன்று ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கை, பெருந்தொற்று அவசரநிலையில் பங்கேற்கும் கம்பனிகள் தம் உற்பத்தியில் 20 வீதத்தை இலக்காக வைத்து உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 வீதம் நன்கொடையாக இருக்க வேண்டும் என்கிறது. உற்பத்தி நடக்க நடக்கவே அந்தப் பங்கு வர வேண்டும் என்ற விதியே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. மிச்சம் மீதியை ஆறு மாதம் கழித்து அனுப்பும் வழக்கத்தை அது அடைக்கிறது. கிருமி மாதிரிகளையும் பயன்களையும் பகிரும் முறை தனியான இணைப்பொன்றில் எழுதப்பட வேண்டும். அது ஏற்கப்பட்ட பின்னரே உடன்படிக்கை கையொப்பத்துக்குத் திறக்கும், 60 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் நடைமுறைக்கு வரும். இலங்கை அந்த 60இல் ஒன்றாக முன்கூட்டியே நிற்குமா, அயல்நாடுகளோடு சேர்ந்து ஒரே விலையில் வாங்கப் பேசுமா என்பதை நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம்; அவர்களில் சிலர் இங்கேயே முன்வரிசையில் இருக்கிறார்கள்.