கமடோர் 64ஆ, ஸ்பெக்ட்ரமா? எந்த கேம்னு முதல்ல சொல்லுங்க

வணக்கம் மக்களே. 1982இல் வந்த இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்கள், கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். இரண்டில் எதில் கிராஃபிக்ஸ் கெத்து என்று பிரிட்டனில் பள்ளிக்கூடப் பசங்க அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், எந்த கேம் என்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

பின்னணி பக்கவாட்டில் ஓடுகிற கேம் என்றால் ஸ்பெக்ட்ரம் பாடு திண்டாட்டம்தான். திரை 256×192 புள்ளி, அதற்கு 6144 பைட். நகர்த்திக் கொடுக்கத் தனி சிப் கிடையாது, எல்லாவற்றையும் இசட்80 ப்ராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டும். எல்டிஐஆர் என்ற நகலெடுக்கும் கட்டளையில் ஒரு பைட்டை நகர்த்த 21 சைக்கிள் (ப்ராசஸர் கடிகாரத்தின் ஒரு துடிப்புதான் சைக்கிள்), பெருக்கிப் பார்த்தால் மொத்தம் சுமார் 1,29,000. ஆனால் 3.5 மெகாஹெர்ட்ஸில், நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே 70,000 சைக்கிள்தான்! எதிரி, குண்டு எதையும் வரையத் தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம் காலி.

கமடோரில் திரையைக் கவனித்துக்கொள்கிற விக்-2 சிப்புக்கு இதெல்லாம் ஜுஜுபி. அதன் ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் இருக்கும் குட்டி நினைவிடத்தில், மூன்று பிட்டை மாற்றினால் ஏழு புள்ளி வரை திரை நகர்ந்துவிடும், எட்டாவதுக்குத்தான் திரையை நிரப்பும் 1000 எழுத்துக் கட்டங்களையும் தள்ளி வைக்க வேண்டும். கூடவே 24×21 புள்ளி அளவில் எட்டு ஸ்ப்ரைட், அதாவது பின்னணியைத் தொடாமல் சிப்பே அதன் மேல் நகர்த்திக் காட்டும் குட்டிப் படங்கள். அதையும், டிவியில் கதிர் கீழே இறங்க இறங்க குறிப்பிட்ட வரிக்கு வந்ததும் ப்ராசஸரைக் கூப்பிடும் ராஸ்டர் இன்டரப்ட் போட்டு, மேலே வரைந்து முடிந்த ஸ்ப்ரைட்டையே கீழே மறுபடி காட்டி, எட்டுக்கு மேல் இருப்பதாக ஏமாற்றுவார்கள்.

நிறம் ஒன்றோடொன்று அப்பிக்கொள்வதை வைத்து ஸ்பெக்ட்ரமைக் கிண்டலடிப்பார்கள், 8×8 கட்டத்துக்கு இரண்டே நிறம் என்பதால் வருவது அது. கமடோரில் புள்ளி புள்ளியாக வரையும் 320×200 பிட்மேப்பிலும் அதே விதிதான் சாமி! ஸ்ப்ரைட்டுக்குத் தனி நிறம் இருப்பதால் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

சரி, 3டிக்கு வாங்க. எலைட் என்ற விண்வெளி கேமில் வருவது மாதிரி கோட்டுச் சித்திர விண்கலங்களுக்கு ஸ்ப்ரைட் ஒன்றும் உதவாது, ஒவ்வொரு கோட்டையும் ப்ராசஸர்தான் போட வேண்டும். கமடோரின் 6510 ப்ராசஸர் ஓடுவது ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில், அதிலும் திரையில் எட்டு வரிக்கு ஒருமுறை விக்-2 வந்து சுமார் 40 சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளும். இசட்80க்கு ஒரு கட்டளைக்கே நிறைய சைக்கிள் வேண்டும், அதனால் மூன்றரை மடங்கு வேகம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இருந்தாலும் இந்த ஆட்டத்தில் ஸ்பெக்ட்ரம் தலைநிமிர்ந்து நிற்கும். 1984இல் எலைட் முதலில் வந்ததே பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு கம்ப்யூட்டரில்தான், அங்கே 6510க்குச் சொந்தக்காரனான 6502 ப்ராசஸர் ஓடுவது 2 மெகாஹெர்ட்ஸில், கமடோரைப் போல இரண்டு மடங்கு.

1985இல் அமிகா, அட்டாரி எஸ்டி என்ற அடுத்த தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் வந்தபோதும் இதே கூத்துதான்: அமிகாவில் படத்தை நகர்த்தவே தனியாக பிளிட்டர், 4096 நிறம், ஆனால் ப்ராசஸர் எஸ்டியின் 8 மெகாஹெர்ட்ஸை விடக் கொஞ்சம் மெதுவு. அதை அடுத்த வீடியோவில் பிரித்து மேய்வோம்.