கல்கல் சுருட்டிய ராத்திரிகள்

நடுவர் அவர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நின்று கேட்கிற ராயபுரத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

'பெரிய குடும்பத்துக் கிறிஸ்துமஸில் மனசில் நிற்பது டிசம்பர் 25-ஆ, அதற்கு முந்தைய நாள்களா?' இதுதான் தலைப்பு. முந்தைய நாள்கள்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் நள்ளிரவுப் பூசை, புதுச்சட்டை, மட்டன் பிரியாணி என்று அடுக்கினார். கேட்கவே பசித்தது. ஆனால் அண்ணே, போன வருஷம் 25-ஆம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் சொல்லட்டுமா? தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பூசை முடிந்து வீடு வரவே ராத்திரி இரண்டு மணி, மத்தியானம் பிரியாணி. அதற்குமேல் யார் கண் திறந்திருக்கும்?

எங்கள் ஆயா வீடு இதே ராயபுரத்தில்தான். டிசம்பர் 10 தாண்டினால் வண்ணாரப்பேட்டைப் பெரியம்மா, பெரம்பூர் சித்தி, காசிமேட்டு அத்தை எல்லோரும் பிள்ளைகளோடு அங்கே வந்து இறங்குவார்கள். ஆயா மைதாவில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து வைத்திருப்பார். ஆளுக்கொரு புதுச் சீப்பு. சின்ன உருண்டையைச் சீப்பின்மேல் அழுத்திச் சுருட்டினால் வரி வரியாகக் கல்கல், எண்ணெயில் பொரித்தெடுக்கிற கிறிஸ்துமஸ் பலகாரம். இரண்டு கிலோ மாவு தீர நடுராத்திரி ஆகிவிடும். கைக்கு வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. அப்போது வருகிற பேச்சு இருக்கிறதே! சித்தப்பா பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானது, அத்தை தன்னைப் பெண் பார்க்க வந்தவருக்குப் பயந்து மொட்டை மாடியில் ஒளிந்தது, எல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தப் பாயில்தான். 25-ஆம் தேதி பந்தியில் யாராவது இதைப் பேசுவார்களா? அன்றைக்கு மாப்பிள்ளைகள் வந்திருப்பார்களே!

அப்புறம் கேக். வீட்டில் கலவை தயார் செய்து, தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டோடு பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோவோம். ஒரு வருஷம் சீட்டு மாறி, யார் வீட்டுக் கேக்கோ எங்களுக்கு வந்துவிட்டது. எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது. அதை ஆயாவிடம் யாரும் சொல்லவில்லை.

தையல்காரர் 24-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குத்தான் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். அது எல்லார் வீட்டுக் கதையும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எதிரணி அக்கா ஒன்று கேட்டார்: "அந்த 25 வராவிட்டால் இந்தப் பலகாரத்துக்கு என்ன அர்த்தம்?" நியாயம்தான். அந்த நாளுக்காகத்தான் எல்லாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு எது பெரிசு என்று கேட்கவில்லையே அக்கா, எது மனசில் நிற்கிறது என்றுதானே கேட்கிறது?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சித்தப்பா மூங்கில் பிளாச்சில் கட்டிய ஸ்டார் எந்தத் தெருவில் போய் விழுந்ததோ! அடுத்த சில ராத்திரிகள் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுருட்டியதில் ஒன்று சோழி மாதிரி, ஒன்று புழு மாதிரி. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்த வருஷம் 25 அன்று என்ன சாப்பிட்டோம்? எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஒரு 25 எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2004, சனிக்கிழமை. அதுவும் மறுநாளால்தான். ஞாயிறு காலை கடல் உள்ளே வந்தது. காசிமேட்டு அத்தை ஈரப் புடவையோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்கு ஓடி வந்தார். பிரியாணி முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது. தெருவில் கடை எதுவும் திறக்கவில்லை. ஆயா ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து இரண்டு டின்னை இறக்கினார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கல்கலைக் கடிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கறுமுறு சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதில் நான் கோணலாகச் சுருட்டியதும் இருந்தது.

நடுவர் மணி அடித்துவிட்டார். வணக்கம்.