இரும்புக் கதவும் மரக் கதவும்: புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள்

[திரையில்: ஈசூனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைபாதை. மாலை வெளிச்சம். வரிசையாக வீட்டு வாசல்கள்.]

சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில், வளர்ந்தவர்களுக்கு இந்த வாசல் நன்றாகத் தெரியும். வெளியே இரும்புக் கதவு, உள்ளே மரக் கதவு. பகலில் மரக் கதவைத் திறந்துபோட்டு, இரும்புக் கதவை மட்டும் பூட்டி வைத்திருப்போம். காற்று வரும், பயமும் இருக்காது. இரண்டில் ஒன்று பூட்டியிருந்தாலே வீடு பத்திரம்.

வணக்கம். புற்றுநோயிலிருந்து நம் உடம்பு தன்னைத்தானே எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ. கட்டி ஒடுக்கி மரபணுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

என் பெரியம்மா மகள், அக்கா, 38 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சைக்குப் போனார். "நம்ம பக்கம் யாருக்குமே கிடையாதே, எங்கம்மாவுக்கு இல்ல, பாட்டிக்கு இல்ல" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பா பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. கிள்ளானில் இருந்த அத்தை, பெரியப்பாவின் தங்கை, நாற்பத்தைந்து வயதுக்குள் இறந்துபோனவர். "வயித்துல கட்டி" என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது சூலகப் புற்றுநோய் என்பது அக்காவின் மரபணுப் பரிசோதனை நேரத்தில்தான் வெளியே வந்தது.

முடிவு வந்த அன்று பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அப்போ, நான்தான் அவளுக்குக் கொடுத்தேனாம்மா?"

அவருக்கு அன்று நான் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் ஒழுங்காக, உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

[திரையில்: ஓர் உயிரணு இரண்டாகப் பிரிகிறது.]

நம் உடம்பில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி உயிரணுக்கள். ஓர் உயிரணு இரண்டாகும்போது, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி என்று வந்த மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்க வேண்டும். ஒரு தொகுதியில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள். இவ்வளவையும் படியெடுக்கும்போது பிழை விழாமல் இருக்குமா? தினமும் விழுகிறது. பெரும்பாலானவை உடனே திருத்தப்படுகின்றன. ஒன்றிரண்டு தங்கிவிடும்.

மரபணுக்களில் சில, உயிரணுவைப் "பெருகு" என்று தூண்டுபவை. அவற்றில் ஒரு படி கெட்டு ஓயாமல் தூண்ட ஆரம்பித்தாலே தொல்லைதான். வேறு சில "நில், சரிபார், தேவையில்லை என்றால் ஒதுங்கிக்கொள்" என்று சொல்பவை. இவைதான் கட்டி ஒடுக்கிகள். ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரும்புக் கதவு போனாலும் மரக் கதவு இருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், சிறு பிள்ளைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்தார். நுண்ணோக்கி வைத்துச் செய்த ஆராய்ச்சி இல்லை. 48 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலா என்று கணக்குப் போட்டார். பரம்பரையாக வந்த பிள்ளைகளுக்கு நோய் சீக்கிரம் வந்தது, பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்குத் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும். ஒரு கதவு பிறவியிலேயே உடைந்திருந்தால் இன்னும் ஓர் அடிதான் பாக்கி. அதனால் சீக்கிரம். இரண்டும் நன்றாக இருந்து பிறந்த பிள்ளைக்கு, ஒரே உயிரணுவில் இரண்டு அடியும் விழ வேண்டும். அது அபூர்வம். அதனால் தாமதம். எந்த மரபணு என்றே தெரியாத காலத்தில், வெறும் கணக்கில் அவர் இதைச் சொல்லிவிட்டார். அந்த மரபணு கைக்குக் கிடைத்தது 1986-இல். 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பெயர் ஆர்பி.

(பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகப் பளிச்சிட்டால், தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோய் பல வீடுகளில் அப்படித்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.)

ஆர்பி என்ன செய்கிறது? படியெடுக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் புரதங்களை அது பிடித்து வைத்திருக்கிறது. "வளரலாம்" என்ற செய்தி முறையாக வந்தால்தான் பிடியை விடும். ஆர்பி இல்லாத உயிரணுவில் பிடித்து வைக்க ஆள் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு இன்று தரும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகள், ஆர்பியின் பிடியைத் தளர்த்தும் நொதிகளைத்தான் தடுக்கின்றன. கட்டியில் ஆர்பி மிச்சம் இருந்தால்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

[திரையில்: பயோபோலிஸ் கட்டடங்கள்.]

அடுத்தவர்தான் பெரியவர். பி53.

புவன விஸ்தா நிலையத்தில் இறங்கி பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தின் பக்கம் நடந்திருக்கிறீர்களா? பி53-ஐக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பி53 பெயரிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தையும் நடத்தினார். 1979-இல் அவர் லண்டனில் இருந்தபோது, குரங்கு வைரஸ் ஒன்றின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு புரதத்தைக் கவனித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆர்னால்ட் லெவைன் உட்பட வேறு சிலரும் கண்டார்கள். எடை 53 ஆயிரம் டால்ட்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) என்று தோன்றியதால் அந்தப் பெயர்.

முதல் பத்து ஆண்டுகள் அறிவியல் உலகம் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. பி53 புற்றுநோயை உண்டாக்குகிறது என்றே நினைத்தார்கள். காரணம், ஆய்வுக்கூடங்களில் சுற்றிக்கொண்டிருந்த படிகள் ஏற்கெனவே பிறழ்ந்தவை. கெட்டுப்போன காவல்காரரைப் பார்த்துவிட்டுத் திருடன் என்று எழுதி வைத்தார்கள். 1989-இல்தான் உண்மை தெளிந்தது. 1992-இல் லேன் அதற்கு "மரபணுத் தொகுப்பின் காவலர்" என்று பெயர் வைத்தார். இன்றுவரை அந்தப் பெயர் நிற்கிறது. மனிதருக்கு வரும் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில், இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு கெட்டுக் கிடக்கிறது.

நலமாக இருக்கும் உயிரணுவில் பி53 ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. உருவான சில நிமிடங்களில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை அழிக்க அனுப்பிவிடுகிறது. வாடிக்கையாளர் வராத நேரத்திலும் தேநீர் போட்டு, ஆறியதைக் கொட்டி, மறுபடி போட்டுக்கொண்டே இருக்கும் கடை போல. எதற்கு இவ்வளவு விரயம்? ஆபத்து வரும்போது புதிதாகச் செய்ய நேரம் இருக்காது. மரபுச் செய்தியைத் தாங்கும் மரபிழை (டிஎன்ஏ) அறுந்தது என்ற சமிக்ஞை வந்ததும் அழிப்பது நிற்கிறது, பி53 குவிகிறது. உடனே பி21 என்ற புரதத்தைக் கொண்டு உயிரணுவின் பிரிதலை நிறுத்துகிறது. பழுது பார்க்க அவகாசம் தருகிறது. பழுது மிகவும் பெரிது என்றால் அந்த உயிரணுவைத் தானாகவே சாகச் சொல்கிறது.

செந்தோசா கடற்கரையில் நாள் முழுக்க விளையாடிய பிள்ளைக்கு நாலைந்து நாள் கழித்துத் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்கிய உயிரணுக்களில் பல, பி53 சொன்னதைக் கேட்டு இறந்துபோனவை. பி53 இல்லாத எலிகளில் அப்படி இறப்பவை குறைவு என்று 1994-இல் காட்டினார்கள். இறக்க வேண்டியது இறக்காமல் பிழையோடு வாழ்வதுதான் ஆபத்து.

இங்கே என் கதவு உவமையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பி53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு நான்காகச் சேர்ந்துதான் மரபிழையைப் பிடிக்கும். கோவிலில் நால்வர் சேர்ந்து சாமி தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கால் இடறினால் பல்லக்கே சாயும். இரண்டு படிகளில் ஒன்று பிறழ்ந்து, பாதிப் புரதம் கெட்டதாக வந்தால், நால்வரும் நல்லவராக அமைவது 16-இல் ஒரு முறைதான். அதனால் சில பிறழ்வுகளில், மரக் கதவு இன்னும் நிற்கும்போதே வீட்டின் காவல் பெரும்பாலும் போய்விடுகிறது.

[திரையில்: சிகரெட் புகை, பூஞ்சை பிடித்த நிலக்கடலை, ஒரு வைரஸ்.]

கதவை யார் உடைக்கிறார்கள்? வயதும் தற்செயலும் பெரும் பங்கு. ஆனால் சில கைகள் அடையாளம் விட்டுப் போகின்றன. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன், பி53 மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. புகைப்பவர்களின் நுரையீரல் கட்டிகளில் அதே இடங்கள்தான் அடிக்கடி பிறழ்ந்திருக்கின்றன. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டு. அது அதிகம் உணவில் கலக்கும் ஊர்களின் கல்லீரல் புற்றுநோய்களில், பி53-இன் 249-ஆம் இடத்தில் அதே பிழை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. கசந்த கடலையைத் துப்பிவிடச் சொன்ன பாட்டிகளை நான் இப்போது கூடுதல் மரியாதையோடு நினைக்கிறேன்.

எச்பிவி வைரஸ் வேறு வழியில் வருகிறது. மரபணுவைத் தொடுவதே இல்லை. அதன் ஒரு புரதம் பி53-ஐ அழிக்கிறது, இன்னொன்று ஆர்பியை முடக்குகிறது. இரண்டு காவலரையும் ஒரே நேரத்தில். கருப்பைவாய்ப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்குகிறது. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்றாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அந்தச் சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

[திரையில்: அறுந்த மரபிழை மெல்ல ஒட்டிக்கொள்கிறது.]

இனி எங்கள் வீட்டுக் கதை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. இவையும் கட்டி ஒடுக்கி மரபணுக்கள்தான். இவை பழுது பார்ப்பவை. மரபிழையின் இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால், நல்ல படியைப் பார்த்துப் பிழையில்லாமல் ஒட்டுவதற்கு இவை வேண்டும். ஒரு படி கெட்டுப் பிறந்த பெண்ணுக்கு, உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு கதவு இல்லை. கோடிக்கணக்கான வீடுகளில் எங்காவது ஒன்றில் இரண்டாவது கதவும் விழுந்தால் போதும். பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 விழுக்காடு, சூலகப் புற்றுநோய்க்கு 44 விழுக்காடு என்று 2017-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று கணித்தது. மார்பகப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிஆர்சிஏ1 மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மார்பகம் என்றதும் அம்மா வழியை மட்டும் கேட்கிறோம். அப்பா வழியிலும் சரிபாதி வருகிறது. ஆண்கள் பெரும்பாலும் நோயில்லாமல் சுமந்து போவதால் அந்தக் கிளை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதோடு, பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது தடையாகிவிடும் என்று "வயித்துல கட்டி" என்று சொல்லி மூடிவிடுகிறோம். அத்தைக்கு என்ன நோய் என்பது எங்களுக்கு ஐந்து வருடம் முன்பே தெரிந்திருந்தால் அக்கா முன்னதாகவே பரிசோதனைக்குப் போயிருப்பார். இதை என்னால் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. பிறழ்வு உள்ள பெண்ணுக்கு இருபதுகளின் நடுவிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கலாம். பிள்ளை பெற்று முடித்தபின் சூலகங்களை அகற்றிக்கொள்ளலாம். புற்றுநோய் வந்துவிட்டவர்களில் சிலருக்கு ஓலாபரிப் என்ற மருந்து இருக்கிறது. கட்டியின் உயிரணுக்களில் இரண்டு கதவும் போய்விட்டதால், அவை வேறொரு பழுதுபார்க்கும் வழியை நம்பிப் பிழைக்கின்றன. மருந்து அந்த வழியை அடைக்கிறது. கட்டி சாகிறது. பக்கத்தில் உள்ள நல்ல உயிரணுவில் ஒரு கதவு மிச்சம் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. நோய்க்குக் காரணமான குறையையே மருந்து பிடித்துக்கொள்கிறது.

உங்கள் வீட்டில் இளம் வயதில் மார்பகப் புற்றுநோய், அல்லது எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், அல்லது ஒரே கிளையில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மரபணு ஆலோசனைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பரிசோதனை செய்யலாமா வேண்டாமா என்பதை அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம்.

[திரையில்: மீண்டும் அதே நடைபாதை. இப்போது இரவு.]

பெரியப்பாவிடம் அன்று சொன்னேன். "உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதான் பெரியப்பா. உங்கள் அப்பாவோ அம்மாவோ, அவர்களுக்கு முன்னால் யாரோ. ஒரு பிள்ளைக்குப் போகுமா போகாதா என்பது காசு சுண்டிப் போடுகிற மாதிரி. நீங்கள் செய்தது என்று இதில் எதுவுமே இல்லை."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றார்.

"ஆமா, பெரியப்பா."

"அதுங்களுக்கும் காசு சுண்டியாச்சு, இல்லையா?"

தொலைபேசியை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிள்ளான் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் எடுத்ததும், நலம் விசாரிக்காமல் நேராகவே ஆரம்பித்தார். "உங்கம்மாவுக்கு வந்தது என்னன்னு நான் இப்ப சொல்றேன், கேட்டுக்கம்மா."