ஆறப் பொறுக்க வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, மைக் தம்பியே, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். இந்த வெயிலில் சால்வை போர்த்திய அன்புக்கும் நன்றி.

கையால் செய்து வானில் ஏவுகிற சின்ன மாதிரி ராக்கெட்டைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: பசை, நேர்கோடு, பாராசூட்.

'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்' என்பார்கள். அட்டைக்குழாய் வழவழப்பாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். குழாயிலும், அதன் வால்பக்கத்தில் சிறகு மாதிரி நிற்கும் பால்சா மர ஃபின்னிலும் ஃபெவிகாலை மெலிதாகத் தடவிக் காயவிட்டு, மறுபடி தடவி ஒட்டுங்கள். அப்புறம் மூலையில் பசையை விரலால் வழித்து, குழாயைப் படுக்க வைத்தே காயப்போடுங்கள். நிறுத்தினால் வழியும். அவசரத்துக்கு உடனடிப் பசை போட்டால், தரையில் இறங்கும் அடியிலேயே ஃபின் தெறித்துவிடும்.

எங்கள் தெருப் பையன்கள் ஃபின் ஒட்டுவதற்காகக் குழாயில் நேர்கோடு போட ஸ்கேலை வைக்கிறார்கள், உருண்டையில் வழுக்குகிறது. ஒரே சண்டை. பக்கத்து வீட்டில் கதவு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி எழுந்து வந்தார். "என்னத்துக்குலே மல்லுக்கட்டுதீக?" குழாயை வாங்கிக் கதவு நிலையின் உள்மூலையில் சாய்த்து, விளிம்போடு பென்சிலை இழுத்தார். கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. ஒரு காகிதப்பட்டையைக் குழாயில் சுற்றி, சுற்றளவுக்கு வெட்டி, மூன்றாக மடித்தார். மூன்று ஃபின்னுக்கும் இடம் கிடைத்துவிட்டது. "முக்காலிக் கணக்குதானலே!" ஒரு பையன் ஒட்டின கையோடு ஃபூ ஃபூ என்று ஊத ஆரம்பித்தான். ஆசாரி முறைத்தார்: "ஊதி ஆத்துறதுக்கு அது என்ன சோறாலே?"

ஆக்கப் பொறுத்தவன்... நீங்களே முடியுங்கள், பிள்ளைகளே!

ஒரு ஃபின் சாய்ந்தாலும் ராக்கெட் சுழலும், உயரம் குறையும். 1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்த ஆர்வில் கார்லைல் செருப்புக்கடைக்காரர். கைவேலை தெரிந்தவனுக்கு வானமும் பட்டறைதான். அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: பள்ளிக்கூடத்துத் தச்சு வகுப்பு எங்கே போனது? கணினி அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் ஓர் இழைப்புளியும் இருக்கட்டுமே!

பாராசூட்டுக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். அம்மா, பின்கட்டில் பழைய தச்சு அறை பூட்டிக் கிடக்கிறது. திறந்துவிடுங்கள். அண்ணாச்சி இரண்டு பட்டறை மேசை தருவதாகக் காலையில் காதோடு சொன்னார்; மைக்கில் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. உப்புத்தாளும் ஃபெவிகாலும் என் பொறுப்பு. வணக்கம்.