இரண்டு பழத்துக்கு பில் போட மாட்டேன்

நடுவர் அவர்களே, கெட்ட காலத்தில் கொள்கையைக் காப்பாற்றுவது பெரிய போராட்டங்கள்தான், அன்றாட முடிவுகள் அல்ல என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். 'நான் ஒருத்தன் ஒரு சாமானைத் தொடாவிட்டால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்டாரே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1984 ஜூலை 19. அயர்லாந்தின் டப்ளின் நகரம், ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடை. கல்லாவில் மேரி மேனிங், வயது 21. ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிரேப்ஃப்ரூட் பழங்களை வைக்கிறார் (நம்ம பம்ளிமாசுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்). தென்னாப்பிரிக்காவில் விளைந்தவை. அங்கே நிறவெறி ஆட்சி நடக்கிறது, அந்த நாட்டுச் சரக்கைக் கையால் தொடாதீர்கள் என்று தொழிற்சங்கம் சொல்லியிருந்தது. மேரி பில் போட மாட்டேன் என்றார். அவ்வளவுதான், சஸ்பெண்ட். கூட வேலை பார்த்தவர்களில் சிலரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அயர்லாந்தில் வேலை கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. சங்கம் கொடுத்தது வாரத்துக்கு 21 பவுண்டு, அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம்.

சரி, இவர்கள் எல்லாம் கொள்கையைக் கரைத்துக் குடித்தவர்களா? அதுதான் இல்லை. நிறவெறி பற்றி அப்போது தனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது என்று மேரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிம்ரோட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக்காரர், நாடு விட்டு வந்தவர், மறியலில் கூட வந்து நின்று, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் கல்லாவில் ஒரு 'மாட்டேன்', அப்புறம்தான் பாடம். முதலில் கொள்கை, அப்புறம் செயல் என்று எதிரணியினர் போட்ட வரிசை தலைகீழ், ஐயா.

நண்பர் அவசரமாகத் துண்டுச் சீட்டில் ஏதோ எழுதுகிறார், தெரிகிறது. 'கிட்டத்தட்ட மூன்று வருடம் மறியல் நடந்துதானே 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கறி, பழத்துக்குத் தடை போட்டது, அது போராட்டம் இல்லையா?' என்பார். போராட்டம்தான், யார் மறுத்தது? ஆனால் அந்தப் பெண் பேசாமல் பில் போட்டுச் சில்லறையைக் கொடுத்திருந்தால், எந்தப் போராட்டத்தை இங்கே வந்து மேற்கோள் காட்டுவீர்கள்?

இன்னொன்று. 1985-இல் இவர்கள் தென்னாப்பிரிக்காவை நேரில் பார்க்கப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தைத் தாண்ட விடாமல் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அன்றாட முடிவுக்கு ஒரு பலமும் இல்லையென்றால், பில் போட மறுத்த கடை ஊழியர்களைக் கண்டு ஓர் அரசாங்கம் எதற்காக மிரள வேண்டும்? அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும்.