எல்.எம். 4708

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் துணைவேந்தர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, சுண்டல் உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பல்கலைக்கழக இசை நூலகரின் படிப்பு, வேலை, ஓய்வு என்று மூன்று செய்திகளைப் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

இன்று பிறந்தநாள் காணும் நம் நூலகத் துறை முன்னோடி சீர்காழி ரங்கநாதனாரின் நூலகவியல் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து இசை நூலகர் ஈவா ஜட் ஓமேரா, தம்மைப் போன்றவர்களைக் கூட்டி இசை நூலகச் சங்கம் தொடங்கினார். 1934இல் வந்த அதன் இதழுக்கு முதல் ஆசிரியரும் அந்த அம்மையார்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். 'கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம்' என்பார்களே, அந்தக் கதை. லோவல் மேசன் என்ற இசை ஆசிரியர் 1852இல் ஜெர்மனிக்காரர் ரிங்க் சேர்த்த இசை ஏடுகளை மொத்தமாக வாங்கினார். மேசன் காலமானபின் 1873இல் எல்லாம் யேலுக்கு வந்தன. அதில் ஒரு கையெழுத்துப் படி, எண் எல்.எம். 4708. உள்ளே ஆர்கன் என்ற தேவாலய இசைக்கருவிக்கு எழுதிய 82 உருப்படிகள். உலகமெல்லாம் ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய ஒரு தாளாவது கிடைக்காதா என்று தேடுகிறது. இது அலமாரியில் நூறாண்டுக்கு மேல் தூங்குகிறது! ஹரால்ட் சாமுவேல் என்ற இசை நூலகர் அங்கே இருந்தார். அவரும், ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃப் வோல்ஃப், ஹான்ஸ் யோஆகிம் ஷுல்ட்சே இருவரும் அதைப் புரட்டினார்கள். 38 உருப்படிகள் பாக் பெயரில்! அவற்றில் முப்பதுக்கு மேல் யாரும் அதுவரை அறியாதவை. 1984 டிசம்பரில் செய்தி வெளிவந்தது. மறு ஆண்டு பாக்கின் முந்நூறாவது பிறந்தநாள். (கைதட்டல்)

கவனியுங்கள், ஏட்டுக்கு எண் ஏற்கெனவே இருந்தது. பிரித்து, சுரம் படித்து, 'இது யாருடையது?' என்று கேட்க ஆள்தான் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து இசைக் கல்லூரி ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு வித்துவான் கைப்பட சுரப்படுத்திய நோட்டுகளைப் பழைய வரவுசெலவுக் கணக்கோடு கட்டி வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நூலகரைக் குறை சொல்லமாட்டேன். பாவம், சங்கீதம் தெரிந்தவரை யாரும் அங்கே நியமிக்கவில்லை. கையில் வெண்ணெய், ஐயா, கையில் வெண்ணெய்!

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. வேலையும் ஓய்வும் அப்புறம். இசை சொல்லித்தரும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இசை தெரிந்த நூலகர் ஒருவர் வேண்டும் என்று மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறேன். துணைவேந்தர் ஐயா முதல் கையெழுத்தைப் போட வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது, திருப்பித் தந்துவிடுங்கள்.