எஞ்சினை எப்போது திறப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் பிள்ளைகள் யோசிப்பதையே விட்டுவிடுவார்களோ என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். இந்தக் கவலையோடு கால் நூற்றாண்டுக்கு மேல் பழகியவர்கள் சதுரங்க ஆட்டக்காரர்கள். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றது. சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை எஞ்சின் என்கிறோம். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின், ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஓடினாலும், உலகின் எந்த ஆட்டக்காரரையும் தோற்கடிக்கும்.

அப்படியானால் எஞ்சின் சொல்வதை மனப்பாடம் செய்தால் போதாதா? சென்னை குகேஷின் பயிற்சி வேறு வழியில் போனது. கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை அவரை எஞ்சின் இல்லாமலே பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எஞ்சின் அதன் பிறகுதான் வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் சொந்த யோசனை, பிறகு எஞ்சின் என்ற வரிசை எல்லாருக்கும் பொருந்தும். தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்து அதைச் செய்து பார்ப்போம்.

ஆட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ, நினைவு கலையுமுன் உட்காருங்கள். வேண்டியவை ஒரு பலகை, நகர்வுகளை எழுதிய தாள், ஒரு நோட்டு. கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். ஆட்டத்தை ஒருமுறை முழுக்க நகர்த்திப் பார்த்து மூன்று இடங்களைக் குறியுங்கள்: கடிகாரத்தில் அதிக நேரம் தின்ற இடம், எதிராளியின் நகர்வு எதிர்பாராமல் வந்த இடம், ஆட்டம் கைவிட்டுப் போனதாகத் தோன்றும் இடம். ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் செலவிடுங்கள். என்னென்ன நகர்வுகள் சாத்தியம், ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் மிகக் கடுமையான பதில் என்ன, கடைசியில் யார் கை ஓங்கும், ஏன் என்று எழுதுங்கள். ‘வெள்ளைக்குச் சாதகம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘கறுப்பு ராஜாவைக் காக்க ஒரே ஒரு குதிரைதான் இருக்கிறது, அதை வெட்டிவிடலாம்’ என்பதுபோல் காரணம் வேண்டும்.

எதற்கு எழுத்தில்? எஞ்சின் விடையைக் காட்டிய அடுத்த நொடியே, ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் சொல்லிவிடும். உண்மையில் நினைத்திருக்கமாட்டோம். நோட்டில் இருப்பது மாறாது.

இனி எஞ்சினைத் திறக்கலாம். லிசெஸ் என்ற சதுரங்க இணையதளத்தில் இலவசமாகவே செய்யலாம். யார் முன்னிலை என்று ஏறி இறங்கிக் காட்டும் மதிப்பீட்டுப் பட்டையை முதலில் மறைத்துவிடுங்கள். ஒரே வழிக்குப் பதிலாக மூன்று வழிகளைக் காட்டும்படி அமைத்து, ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். முதல் சில நொடிகளில் காட்டும் நகர்வு பலமுறை மாறும்.

ஒவ்வொரு வழிக்கும் பக்கத்தில் எஞ்சின் காட்டும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் ஒன்று என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பலர் இன்னும் எண்ணுகிறார்கள். 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் பதிப்பு முதல் அதன் பொருள் மாறிவிட்டது. அந்த நிலையிலிருந்து எஞ்சின் தனக்குத்தானே ஆடினால் முன்னிலையில் உள்ள பக்கம் பாதி ஆட்டங்களில் வெல்லும் என்பதே இன்றைய பொருள். எஞ்சின் வெல்லும் நிலையை நாமும் வெல்வோம் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே இரு நகர்வுகளுக்கிடையே 0.2, 0.3 வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது வேலைதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது. உங்கள் நகர்வை எஞ்சின் ஏற்கவில்லையா? அதைப் பலகையில் ஆடி, எஞ்சின் எப்படி அடிக்கிறது என்று பாருங்கள். தவறு எந்த வகை? அந்த நகர்வு கண்ணிலேயே படவில்லையா, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களா, கடைசிவரை சரியாகக் கண்டும் நிலையைத் தவறாக எடை போட்டீர்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலிரண்டுக்கும் நகர்வுகளைக் கணக்கிடும் சதுரங்கப் புதிர்களைத் தினம் போட வேண்டும். மூன்றாவதற்கு, அதேபோன்ற நிலைகள் வந்த நல்ல ஆட்டங்களைப் படிக்க வேண்டும். எஞ்சின் காட்டும் நகர்வை உங்கள் சொந்தச் சொல்லில் இரண்டு வாக்கியத்தில் விளக்க முடியவில்லை என்றால், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பன்னிரண்டு நகர்வு தள்ளி ஒரே ஒரு பதிலால் பிழைக்கும் வழியை, கடிகாரம் ஓடும்போது நீங்கள் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இதைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது தொடக்க ஆட்டத்தில் தெரியும். 14 நகர்வு மனப்பாடம் இருக்கும். 15-ஆவதில் எதிராளி விலகிப்போனால், தன் குதிரை அந்தக் கட்டத்தில் எதற்காக நிற்கிறது என்றே தெரியாமல் விழிப்பார்கள்.

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகளுக்கு வருகிறேன். இவை சதுரங்க எஞ்சின் போலக் கணக்கிடுபவை அல்ல. அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்துத் தொடுப்பவை. ஆட்டம் நடுவே வந்ததும் பலகையையே மறந்து, விதிக்குப் புறம்பான நகர்வைத் தெளிவான குரலில் சொல்வதுண்டு. கட்டுரையிலும் அறிவியலிலும் அதே குணம் உண்டு. இன்னொன்று, ‘நான் எழுதியது சரிதானே?’ என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டும்.

ஆகவே இங்கும் வரிசை அதுவே, கேள்வியை மட்டும் மாற்றுங்கள். கல்லூரி மாணவர் தன் கட்டுரையை முதலில் ஒரு பக்கமாவது தானே எழுதட்டும். பிறகு, தன்னுடையது என்று சொல்லாமல், ‘ஒருவர் இப்படி வாதிடுகிறார். இதற்கு மிக வலுவான மூன்று மறுப்புகளைச் சொல். திருத்தி எழுதித் தராதே’ என்று கேட்கட்டும். வரும் மறுப்புகளில் ஒன்றாவது பொருந்தாததாக இருக்கக்கூடும். எது என்று கண்டுபிடிப்பதும் பயிற்சிதான். அது தரும் ஆண்டு, பெயர், எண் எதையும் மூல நூலில் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே மூன்று நிலைகளையும் பலகையில் அடுக்கி, எஞ்சின் இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். நகர்வு மட்டும் நினைவிருந்து காரணம் வரவில்லை என்றால், பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த மாதம் அந்த நிலையிலிருந்தே தொடங்கலாம். வணக்கம்.